காற்று மாசும் வானிலையும் சேர்ந்து இலைக்குள் என்ன செய்கின்றன?

கேள்வி இதுதான்: காற்று மாசு அதிகமான இடங்களில் செடிகளின் ஒளிச்சேர்க்கை குறைகிறது என்கிறார்களே, புகைமூட்டம் வெயிலை மறைப்பதால்தானா? வெப்பம், ஈரப்பதம், காற்று, மழை எல்லாம் அதில் எங்கே வருகின்றன?

வெயிலை மறைப்பது கதையில் ஒரு பகுதி. பல நேரங்களில் சின்னப் பகுதி. பெரிய பகுதி இலையின் அடிப்புறத்தில் இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு உள்ளே வர இலை திறந்து வைத்திருக்கும் துளைகள் வழியாகத்தான் ஓசோனும் கந்தகப் புகையும் உள்ளே போகின்றன. அந்தத் துளைகள் எப்போது திறக்கும், எப்போது மூடும் என்பதை வானிலை தீர்மானிக்கிறது. அதனால் மாசு இவ்வளவு, பாதிப்பு இவ்வளவு என்று நேர்க்கோடு போட்டுக் காட்ட முடியாது. ஒரே அளவு மாசு ஒரு நாள் இலையைப் பொசுக்கிவிடும், இன்னொரு நாள் தொடாமலே போய்விடும். இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகவே விளங்கும்.

முதலில் அந்தத் துளையைப் பார்த்துவிடலாம். நிறமில்லாத நகப்பூச்சை ஒரு இலையின் அடிப்புறத்தில் மெல்லியதாகத் தடவி, நன்றாகக் காய்ந்த பிறகு அதன் மேல் செல்லோடேப்பை ஒட்டி மெதுவாக உரித்தெடுங்கள். உரிந்து வந்ததைக் கண்ணாடித் துண்டில் ஒட்டி, சாதாரணப் பள்ளிக்கூட நுண்ணோக்கியில் வைத்தால் போதும். ஜிக்சா துண்டுகள் போல ஒன்றோடொன்று கோத்துக்கொண்ட செல்கள், நடுநடுவே இரண்டு அவரை விதைகளை எதிரெதிராக வைத்தது போன்ற சோடிகள் தெரியும். அந்தச் சோடிதான் காப்புச் செல்கள். அவற்றுக்கு நடுவே உள்ள கீற்றுதான் இலைத்துளை. ஒரு சதுர மில்லிமீட்டரில் நூறு முதல் முந்நூறு வரை இருப்பது சாதாரணம். எல்லாம் அகலத் திறந்தாலும் இலையின் பரப்பில் ஓரிரு சதவீதம்தான் வரும்.

அந்த ஓரிரு சதவீதத்தின் வழியாகத்தான் முழு வியாபாரமும் நடக்கிறது. காற்றில் கார்பன் டை ஆக்சைடு வெறும் 0.04 சதவீதம். அதைப் பிடிக்கத் துளையைத் திறந்தால் இலைக்குள் இருக்கும் ஈரம் வெளியே ஓடுகிறது. நெல், கோதுமை போன்ற பயிர்கள் ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறைச் சர்க்கரையாக்குவதற்குள் ஏறத்தாழ நானூறு தண்ணீர் மூலக்கூறுகளை இழக்கின்றன. மக்காச்சோளம், கரும்பு மாதிரியான செடிகளுக்குக் கார்பனைச் செறிவாக்கிக் கொடுக்கும் தனி ஏற்பாடு இருப்பதால் அவற்றுக்கு 150 முதல் 250 வரை போதும். கள்ளியும் அன்னாசியும் இரவில் மட்டும் துளையைத் திறந்து நூறுக்குள் முடித்துக்கொள்கின்றன. ஆக, செடிக்குத் துளையைத் திறப்பது எப்போதுமே ஒரு பேரம்.

இந்தப் பேரத்தைப் பெரிதும் முடிவு செய்வது காற்றின் வறட்சி. இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வரும். ஈரப்பதம் 50 சதவீதம் என்று இரண்டு நாளும் கருவி காட்டினால் இரண்டும் ஒன்று என்று நினைப்போம். இலைக்கு அப்படி இல்லை. சூடான காற்று கூடுதல் நீராவியைத் தாங்கும், ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 7 சதவீதம் கூடுதலாக. அதனால் 50 சதவீத ஈரப்பதம் உள்ள 35 டிகிரி நாளில் காற்றின் தாகம், அதே 50 சதவீதம் உள்ள 25 டிகிரி நாளைப்போல ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு. வேரடியில் ஈரம் தாராளமாக இருந்தாலும் பல செடிகள் இந்தத் தாகத்தைப் பார்த்ததுமே துளையைச் சுருக்கிவிடும். வெயில் உச்சத்தில் இருக்கும் மதிய நேரத்தில் ஒளிச்சேர்க்கை படுத்துவிட்டு, மூன்று நான்கு மணிக்கு மேல் மறுபடி எழுவது இதனால்தான். வரைபடம் போட்டால் ஒட்டகத்தின் இரட்டைத் திமில் போல இருக்கும்.

இது பெரிய அளவிலும் நடக்கும். 2003 கோடையில் ஐரோப்பாவை வாட்டிய வெப்ப அலையும் வறட்சியும் சேர்ந்து அந்தக் கண்டத்தின் மொத்த ஒளிச்சேர்க்கையை ஏறத்தாழ 30 சதவீதம் குறைத்தன. வழக்கமாகக் கார்பனை உறிஞ்சிக்கொண்டிருந்த காடுகளும் வயல்களும் அந்த ஆண்டு கார்பனை வெளியே விட்டன. இத்தனைக்கும் வெயிலுக்கு அங்கே குறைவே இல்லை.

துளை மூடினால் இன்னொரு தொல்லை. தண்ணீர் ஆவியாவதுதான் இலைக்குக் குளிர்ச்சி. அது நின்றால் வெயிலில் நிற்கும் இலை சுற்றியுள்ள காற்றைவிடப் பல டிகிரி சூடாகிவிடும். சூடு ஏறினால் ரூபிஸ்கோ தடுமாறும். கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துச் சர்க்கரைப் பாதையில் சேர்க்கும் நொதி இதுதான். நொதிகளிலேயே சோம்பேறி என்று இதைச் சொல்லலாம், ஒரு நொடிக்குச் சில மூலக்கூறுகளைத்தான் கையாளும். அதைவிடப் பெரிய குறை, கார்பன் டை ஆக்சைடுக்குப் பதிலாக ஆக்சிஜனையும் பிடித்துவிடும். சாதாரண 25 டிகிரியிலேயே நெல், கோதுமை வகைச் செடிகளில் நாலில் ஒரு தடவை இந்தத் தப்பு நடக்கிறது. ஒளிச்சுவாசம் என்று பாடத்தில் வருவது இதன் விளைவுதான், பிடித்த கார்பனில் கொஞ்சத்தைத் திரும்ப வெளியே விட வேண்டி வரும். சூடு ஏற ஏற இந்தத் தப்பு கூடும். 35 டிகிரிக்கு மேல் போனால் ரூபிஸ்கோவை ஓட வைக்கும் துணைப் புரதம் உருக்குலைய ஆரம்பிக்கும். 45 டிகிரியைத் தாண்டினால் பல செடிகளில் ஒளியைப் பிடிக்கும் அமைப்பே சேதமாகும்.

குளிரும் சும்மா விடாது. பனிக்காலக் காலையில் வெயில் பளிச்சென்று அடிக்கும், ஆனால் இலை இன்னும் குளிர்ந்திருக்கும். பச்சையம் ஒளியை வாங்கிக்கொண்டே இருக்க, சர்க்கரை செய்யும் நொதிகள் மந்தமாக இருக்கும். செலவழிக்க வழியில்லாத அந்த ஆற்றல் இலையையே சுடும். வெளிச்சம் கூடினால் நல்லதுதானே என்று பொதுவாகச் சொல்ல முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

மழையைப் பற்றி ஒரு வார்த்தை. மழை இலையைக் கழுவிவிடுவது நல்லதுதான். ஆனால் இலை நனைந்திருக்கும் வரை துளைக்கு மேல் நிற்கும் நீர்ப்படலம் ஒரு தடை. கார்பன் டை ஆக்சைடு காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவும். பெரும்பாலான செடிகள் துளைகளை அடிப்புறத்தில் வைத்திருப்பது இந்த வகையிலும் வசதி. தாமரைக்கு அந்த வசதி இல்லை. இலை தண்ணீரில் கிடப்பதால் துளைகள் மேல்புறத்தில் இருந்தாக வேண்டும். அதனால்தான் அங்கே தண்ணீர் ஒட்டாமல் உருண்டோடுகிறது. தாமரை இலைத் தண்ணீர் என்று பற்றற்ற மனதுக்கு உவமை சொல்கிறோம், தாமரைக்கு அது மூச்சு விடுகிற விஷயம்.

சரி, இப்போது மாசுக்கு வருவோம். செடிகளைப் பொறுத்தவரை இன்று முதல் எதிரி ஓசோன். உயரே, அடுக்கு மண்டலத்தில், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அதே ஓசோன்தான். தரைக்கு அருகே இருந்தால் விஷம். இதை எந்தப் புகைபோக்கியும் நேரடியாகக் கக்குவதில்லை. வண்டிகளிலிருந்தும் மின் நிலையங்களிலிருந்தும் வரும் நைட்ரஜன் டை ஆக்சைடு வெயிலில் உடைந்து ஓர் ஆக்சிஜன் அணுவை விடும். அது பக்கத்திலுள்ள ஆக்சிஜன் மூலக்கூறோடு சேர்ந்து ஓசோனாகும். பெட்ரோல் ஆவி, வண்ணப்பூச்சுக் கரைப்பான் போன்ற கரிம ஆவிகள் இருந்தால் இந்தச் சுழற்சி வேகம் பிடிக்கும். காற்று அசையாத, வெயில் கொளுத்தும் பிற்பகல்தான் இதற்கு உகந்த நேரம். ஆக, ஓசோன் வெயில் சமைக்கிற மாசு, வானிலை இல்லாமல் அது பிறக்கவே பிறக்காது. சூடான நாளில் ஓக், பாப்லர், யூகலிப்டஸ் போன்ற மரங்களே ஐசோப்ரீன் என்ற ஆவியை நிறைய வெளியிடும். வண்டிப் புகை கலந்த காற்றில் அதுவும் ஓசோனுக்குத் தீனியாகிவிடும். மரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, நைட்ரஜன் ஆக்சைடு இல்லாத இடத்தில் அதே ஆவி அந்த வேலையைச் செய்யாது.

பலருக்கு ஆச்சரியமாக இருக்கும் செய்தி, நகரத்தின் நடுவில் இருப்பதைவிட நகரத்துக்கு வெளியே, காற்று போகும் திசையில் உள்ள வயல்களில் ஓசோன் அதிகமாக இருப்பது உண்டு. வண்டிப் புகையில் புதிதாக வரும் நைட்ரிக் ஆக்சைடு ஓசோனைத் தின்றுவிடுவதால் நகருக்குள் அளவு கீழே நிற்கும். காற்றோடு நகர்ந்து போன பிறகு வெயிலில் ஓசோன் சேர்ந்துகொண்டே போகும். சுத்தமான கிராமத்துக் காற்று என்று நம்பி நிற்கும் பயிர் அதை வாங்கிக் கட்டிக்கொள்ளும்.

இலைத்துளை வழியாக உள்ளே போன ஓசோன் செல்சுவரின் ஈரத்தில் கரைந்து, உடனே வேறு தீவிர ஆக்சிஜன் சேர்மங்களாக மாறுகிறது. செடி கைகட்டி நிற்காது. செல்சுவரிலேயே வைட்டமின் சி வைத்திருக்கிறது, அது முதல் தாக்குதலை வாங்கிக்கொள்ளும். அதைத் தாண்டிப் போனதுதான் செல்சவ்வைக் கிழிக்கும். கண்ணுக்குத் தெரியும் சேதம் இல்லாவிட்டாலும் பழுது பார்க்கும் செலவு நடந்துகொண்டே இருக்கும். கிளைக்கும் விதைக்கும் போக வேண்டிய சர்க்கரை பழுது வேலைக்குப் போகும். ரூபிஸ்கோவின் அளவு குறையும், இலை வயதுக்கு முன்பே பழுக்கும். கோதுமை மணி பால்பிடித்து முற்றும் நாட்களில் மேலிலை பத்து நாள் முன்கூட்டி மஞ்சளானால் என்ன ஆகும் என்று பயிர் செய்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2010 முதல் 2012 வரையிலான நிலவரத்தை வைத்து உலக அளவில் செய்த ஒரு மதிப்பீட்டில், ஓசோனால் சோயாவில் சுமார் 12 சதவீதம், கோதுமையில் 7, மக்காச்சோளத்தில் 6, நெல்லில் 4 சதவீதம் விளைச்சல் ஆண்டுதோறும் குறைவதாகக் கணக்கு வந்தது. வயலில் நின்று பார்த்தால் இந்த இழப்பு தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்க ஓசோன் இல்லாத வயல் பக்கத்தில் எங்கே இருக்கிறது?

இங்கேதான் நான் முதலில் சொன்ன துளை விவகாரம் முழுசாக வெளிப்படுகிறது. வறண்டு கிடக்கும் நிலத்தில், காய்ந்த காற்றில், செடி துளையை மூடி வைத்திருக்கும். வெளியே ஓசோன் எவ்வளவு ஏறினாலும் உள்ளே போக வழி இல்லை. பக்கத்திலேயே தண்ணீர் பாய்ச்சிச் செழிப்பாக வைத்திருக்கும் வயலில் துளைகள் அகலத் திறந்திருக்கும், அதனால் அதுதான் கூடுதல் ஓசோனைக் குடிக்கும். நன்றாகப் பராமரித்த பயிருக்குத்தான் அடி அதிகம். கேட்கவே அநியாயமாக இருக்கும், ஆனால் நிலைமை அதுதான். அதற்காகத் தண்ணீர் பாய்ச்சாமல் விட்டால் வறட்சியே அதைவிடப் பெரிய இழப்பைத் தரும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ஐரோப்பாவில் பயிர்ச் சேதத்தைக் கணிக்க முன்பு ஒரு எளிய வழி வைத்திருந்தார்கள். வளரும் பருவத்தின் பகல் நேரத்தில் ஓசோன் 40 பிபிபி, அதாவது நூறு கோடிக்கு நாற்பது பங்கு, என்ற அளவை எவ்வளவு தாண்டுகிறது என்று மணிக்கணக்காகக் கூட்டிக்கொண்டே போவார்கள். அந்தக் கணக்கில் வெயில் மிகுந்த தெற்கு நாடுகள் சிவப்பாகத் தெரியும், வடக்கு கிட்டத்தட்ட பாதுகாப்பாகத் தெரியும். பிறகு வெப்பநிலை, காற்றின் வறட்சி, மண்ணின் ஈரம், ஒளி எல்லாவற்றையும் வைத்து, துளை வழியே உண்மையில் எவ்வளவு உள்ளே போகிறது என்று கணக்குப் போட ஆரம்பித்தார்கள். படம் மாறிவிட்டது. வெளியே ஓசோன் குறைவாக இருந்தாலும் ஈரமும் மிதமான சூடும் உள்ள வடக்கு, மேற்குப் பகுதிகளில் செடிகள் கணிசமாக உள்ளே வாங்குவது தெரிந்தது. காற்றை மட்டும் அளந்தால் போதாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. இல்லை, இன்னொன்று இருக்கிறது, கந்தகப் புகையைப் பற்றிப் பேசும்போது வரும்.

இப்போது கேள்வியில் நேரடியாகக் கேட்ட விஷயம்: வெயில் மறைப்பு. புகையும் நுண்துகளும் வெயிலைக் குறைக்கின்றன, உண்மைதான். ஆனால் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, நெல் கோதுமை வகை இலை ஒன்று உச்சி வெயிலில் பாதி அளவை எட்டும் முன்பே நிறைந்துவிடும், அதற்கு மேல் விழும் ஒளி அதற்குப் பயன்படாது. இரண்டு, துகள்கள் ஒளியைத் தடுப்பதோடு நிற்காமல் சிதறடிக்கவும் செய்கின்றன. தெளிந்த வானத்தில் வெயில் ஒரே திசையில் அம்பு போல வரும். உச்சி இலைகள் திகட்டத் திகட்டக் குடிக்கும், கீழே உள்ளவை இருட்டில் கிடக்கும். லேசான மூட்டத்தில் ஒளி எல்லாப் பக்கமிருந்தும் வரும், நிழல் கரைந்து கீழ் இலைகளுக்கும் பங்கு கிடைக்கும். காட்டில் ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேலே நாலைந்து சதுர மீட்டர் இலை அடுக்கடுக்காக நிற்கும் என்பதை நினைத்தால் இதன் அளவு புரியும்.

1991 ஜூன் 15 அன்று பிலிப்பைன்ஸில் பினடுபோ எரிமலை வெடித்து ஒன்றரை முதல் இரண்டு கோடி டன் வரை சல்பர் டை ஆக்சைடை மேல் வளிமண்டலத்துக்கு அனுப்பியது. உலகின் சராசரி வெப்பநிலை சுமார் அரை டிகிரி இறங்கியது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள ஹார்வர்டு காட்டில் மரங்கள் எவ்வளவு கார்பனை உறிஞ்சுகின்றன என்று அளக்கும் கருவிகள் ஏற்கெனவே இருந்தன. அடுத்த ஆண்டு, மேகமில்லாத நண்பகல்களில் அந்தக் காட்டின் ஒளிச்சேர்க்கை வழக்கத்தைவிட 23 சதவீதம் கூடியிருந்ததைப் பின்னர் கணக்கிட்டார்கள். மொத்த வெயில் குறைந்து, ஒளிச்சேர்க்கை கூடிய விந்தை அது.

இதைப் பிடித்துக்கொண்டு புகைமூட்டம் செடிக்கு நல்லது என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அது சரியில்லை. மேல் வளிமண்டலத்தில் மெல்லியதாகப் பரவிய கந்தகத் துகள் வேறு, தரையோடு தவழும் கரும்புகை வேறு. கரித்துகள் ஒளியைச் சிதறடிக்காமல் விழுங்கிவிடும். மூட்டம் ஒரு அளவைத் தாண்டினால் சிதறலால் வரும் லாபத்தை இருட்டு சாப்பிட்டுவிடும். காட்டைப் போல இலை அடுக்கு இல்லாத இளம் பயிருக்குச் சிதறிய ஒளியால் பெரிய லாபமும் இல்லை. அதே பினடுபோவையும், 1982இல் மெக்சிகோவில் வெடித்த எல் சிச்சோனையும் எடுத்துக்கொண்டு உலகப் பயிர் விளைச்சலைப் பார்த்த ஆய்வு ஒன்று 2018இல் வந்தது. அதில் வெயில் குறைந்ததால் விளைச்சலுக்கு நஷ்டம் என்றே முடிவு கிடைத்தது. காடு ஒரு பக்கம் சொல்ல, வயல் மறுபக்கம் சொல்கிறது. இரண்டும் உண்மை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு 2023இல் வெளியானது. இலை வாங்கிய ஒளியில் ஓரிரு சதவீதத்தை மங்கலான சிவப்பு ஒளியாகத் திரும்ப உமிழும், கண்ணுக்குத் தெரியாது, செயற்கைக்கோளுக்குத் தெரியும். அந்த ஒளிர்வை வைத்து ஒளிச்சேர்க்கையை மதிப்பிடலாம். ஐரோப்பாவின் தரவுகளை வாரத்தின் கிழமைவாரியாக அடுக்கிப் பார்த்தபோது, நுண்துகள் குறையும் வார இறுதியில் பல பகுதிகளில் ஒளிச்சேர்க்கை சற்று உயர்ந்தும் வேலை நாட்களில் தாழ்ந்தும் இருந்தது. செடிக்குக் கிழமை தெரியாது. வானிலைக்கும் ஏழு நாள் சுழற்சி கிடையாது. ஆகவே இந்த ஏற்ற இறக்கத்தை மனிதர்களின் வேலை நாட்களின் தலையில்தான் கட்ட முடியும். வானிலையையும் மாசையும் பிரித்துக் காட்ட இவ்வளவு அழகான தந்திரம் அபூர்வம்.

காற்றில் மிதக்கும் துகள் ஒரு கதை, இலையில் படிந்த தூசி இன்னொரு கதை. இது எளிமையானது, சீக்கிரம் சொல்லிவிடலாம். தூசி ஒளியை மறைக்கும், துளையை அடைக்கும், இலையைச் சூடாக்கும். ரோமம் உள்ள இலையிலும் சொரசொரப்பான இலையிலும் அதிகம் தங்கும். சிமெண்ட் தூசியானால் இன்னும் மோசம். பனியோ தூறலோ பட்டால் காரத்தன்மையோடு இறுகிப் பொருக்காகிவிடும், பிறகு பெய்யும் பெருமழையிலும் போகாது. லேசான தூறல் தூசியைக் கழுவுவதற்குப் பதில் பூசிவிடும் என்பதைச் சாலையோரச் செடியைப் பார்த்தவர்கள் கவனித்திருப்பீர்கள். உப்புத்தன்மை கொண்ட மிக நுண்ணிய துகள்கள் வேறொரு திருட்டு வேலையும் செய்யும். காற்றின் ஈரத்தை இழுத்துக் கரைந்து, துளையின் ஓரம் வழியாக உள்ளே வரை மெல்லிய நீர்த்திரியாகப் படரும். விளக்குத்திரி எண்ணெயை இழுப்பது போல இது இலைக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இழுக்கும். துளை மூடியிருந்தாலும் கசிவு நிற்காது.

கந்தகப் புகைதான் பழைய எதிரி. லண்டனில் ஜான் ஈவ்லின் என்ற எழுத்தாளர் 1661இலேயே நிலக்கரிப் புகை செடிகளைக் கெடுப்பதைப் பற்றி எழுதினார். இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் நிலக்கரி அனுப்பும் நியூகாசில் நகரம் முற்றுகையிடப்பட்டு லண்டனுக்கு நிலக்கரி வரத்து நின்றுபோன ஆண்டில், நகரின் நடுவில் இருந்த தோட்டங்கள்கூட வழக்கத்துக்கு மாறாக ஏராளமாகக் காய்த்ததை அவர் குறித்து வைத்திருக்கிறார். திட்டமிடாமல் நடந்த சோதனை. இலைக்குள் போன சல்பர் டை ஆக்சைடு ஈரத்தில் கரைந்து சல்ஃபைட் ஆகும். கொஞ்சமாக இருந்தால் செடி அதைச் சல்ஃபேட்டாக்கி உரமாகவே பயன்படுத்திக்கொள்ளும், அதிகமானால் பச்சையம் சிதையும். ஐரோப்பாவில் கந்தகப் புகையைக் கட்டுப்படுத்திய பிறகு கடுகு இனத்தைச் சேர்ந்த எண்ணெய்ப் பயிரில் கந்தகப் பற்றாக்குறை தலைகாட்டியது. அதுவரை வானத்திலிருந்து இலவசமாக வந்துகொண்டிருந்த உரம் அது.

நான் சொல்வதாகச் சொன்ன உதாரணம் கனடாவில், பிரிட்டிஷ் கொலம்பியாவின் ட்ரெயில் நகரில் நடந்தது. அங்கிருந்த ஈய, துத்தநாக உருக்காலையின் புகை கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக இறங்கி, எல்லை தாண்டி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பண்ணைகளைக் கெடுத்தது. இரு நாடுகளும் அமைத்த நடுவர் மன்றம் 1938இலும் 1941இலும் தீர்ப்பு வழங்கியது. பள்ளத்தாக்கில் இரவு முழுக்கத் தரை குளிர்ந்து, அடியில் குளிர்ந்த காற்றும் மேலே சூடான காற்றுமாக நிற்கும். புகை உயரத்தில் ஒரு பட்டையாகத் தேங்கிக்கொள்ளும், கீழே இருக்கும் செடிக்கு இரவெல்லாம் ஒன்றும் ஆகாது. காலையில் வெயில் ஏறித் தரை சூடானதும் அடிக்காற்று புரள ஆரம்பிக்கும். மேலே தேங்கியிருந்தது அத்தனையும் பள்ளத்தாக்கு நெடுக, பல கிலோமீட்டர் தூரத்துக்கு, ஏறத்தாழ ஒரே நேரத்தில் தரைக்கு இறங்கும். அது எந்த நேரம் என்று கவனியுங்கள். இலைத்துளைகள் அகலத் திறந்து செடி முழு மூச்சாக வேலை தொடங்கும் அதே காலை நேரம்.

அதனால்தான் 1941 தீர்ப்பு இத்தனை டன்னுக்கு மேல் விடாதே என்ற ஒற்றை வரியோடு நிற்கவில்லை. காற்றின் திசை, காற்றின் கொந்தளிப்பு, பகலா இரவா, செடி வளரும் பருவமா இல்லையா என்பதையெல்லாம் பொறுத்து மணிக்கு எவ்வளவு புகை விடலாம் என்று அட்டவணையே போட்டுக் கொடுத்தது. ஒரு சட்டத் தீர்ப்பு இலைத்துளையின் கால அட்டவணையை மதித்து எழுதப்பட்டது, என்னைக் கேட்டால், இது மாதிரி இன்னும் நிறைய வந்திருக்க வேண்டும்.

அப்புறம், கார்பன் டை ஆக்சைடு கூடினால் ஒளிச்சேர்க்கை கூடுமே என்ற கேள்வி எப்போதும் வரும். கூடும். ஹவாயின் மௌனா லோவா ஆய்வு நிலையத்தில் 1958இல் காற்றில் அதை அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்துக்கு 315 பங்காக இருந்தது, இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. நெல், கோதுமை, சோயா வகைகளுக்கு இதில் லாபம் உண்டு. மக்காச்சோளம், கரும்பு வகைக்கு வறட்சியில் தவிரப் பெரிய லாபம் இல்லை. கார்பன் எளிதாகக் கிடைப்பதால் செடி துளையைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளும், அதனால் தண்ணீரும் மிச்சம், ஓசோனும் குறைவாக உள்ளே போகும். ஆனால் துளை சுருங்கினால் இலை சூடாகும் என்று மேலே பார்த்தோம். கோதுமை, அரிசியில் புரதம், துத்தநாகம், இரும்பு குறைவதும் திறந்தவெளிச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. லாபத்தை மட்டும் தனியாக எடுத்துக்கொள்ள முடியாத பேரம் இதுவும்.

உங்கள் செடியில் தெரிவது மாசா, பூச்சியா, சத்துக் குறைவா என்று பார்க்க விரும்பினால் இலையைக் கையில் எடுத்துக்கொண்டு வெளிச்சத்தில் நில்லுங்கள். கந்தகப் புகை பட்டால் நரம்புகள் பச்சையாகவே இருக்க, இடைப்பட்ட இடம் தந்த நிறத்துக்கு வெளுக்கும், இரண்டு பக்கமும் தெரியும். ஃபுளோரைடு நுனியிலும் விளிம்பிலும் சேர்ந்து அங்கிருந்து கருக்கிக்கொண்டு வரும், கருகியதற்கும் நல்ல இடத்துக்கும் நடுவே கோடு கிழித்தது போல எல்லை இருக்கும். செங்கல் சூளை, அலுமினிய ஆலை பக்கத்தில் என்றால் இதை முதலில் சந்தேகிக்கலாம். சிலந்திப்பேனும் புள்ளி போடும், ஆனால் இலையைத் திருப்பினால் அடியில் நூலாம்படையும் நகரும் பொடியும் இருக்கும்.

ஓசோன் புள்ளி மேல்பக்கம் மட்டும்தான் பெரும்பாலும் தெரியும். ஊசி முனையால் குத்தியது போலச் சின்னச் சின்னதாக, ஊதாவோ பழுப்போ கலந்து, நரம்புகளை விட்டுவிட்டு இடையில் மட்டும். கொழுந்தில் இருக்காது, அடி இலைகளில் கூடுதலாக இருக்கும், ஏனென்றால் அவை அதிக நாள் வாங்கியிருக்கின்றன. சந்தேகம் தீரவில்லையா? ஒரு இலை மேல் இன்னொரு இலை படிந்து கிடக்கும் இடத்தைத் தேடிப் பிடித்து, மேல் இலையை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். பூச்சியோ பூஞ்சையோ என்றால் அங்கேயும் புள்ளி இருக்கும். ஓசோன் என்றால் மேல் இலையின் நிழல் விழுந்த அந்த வடிவத்தில் மட்டும் அச்செடுத்தது போலப் பச்சை அப்படியே இருக்கும். வெயில் படாததால் அங்கே துளைகள் அவ்வளவாகத் திறக்கவில்லை.